35 சொற்களில் ஒரு மொழி

பாஸ்கல் என்ற கணினி மொழியில் "எல்ஸ்" (இல்லாவிட்டால்) என்ற சொல்லுக்கு முன்னால் அரைப்புள்ளி வராது. இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளவத்தையில் எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறு பிள்ளைகள் இருப்பார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு ஐ.சி.ரி. (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) பாடத்தைத் தமிழில் எடுக்கிறவர்கள். போன கிழமை அவர்களின் கொப்பிகளைத் திருத்தினேன். நான்கு பேர் ஒரே பிழையை விட்டிருந்தார்கள். "இஃப்" (இப்படி இருந்தால்) வரியை எழுதி, விஷயம் முடிந்தது என்று நினைத்து அரைப்புள்ளி போட்டு, அடுத்த வரியில் "எல்ஸ்". பாஸ்கலில் அப்படிப் போட்டால் "இஃப்" அந்த இடத்திலேயே முடிந்துவிடும். பிறகு அநாதையாக நிற்கிற "எல்ஸ்"சைக் கண்டு, நாங்கள் எழுதியதைக் கணினிக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றுகிற கம்பைலர் மறுத்துவிடும்.

கடைக்குப் போகிற பட்டியலை வைத்துத்தான் இதை விளங்கப்படுத்துவேன். "அரிசி, பருப்பு, சீனி" என்று எழுதும்போது சீனிக்குப் பின்னால் காற்புள்ளி போடுவோமா? பாஸ்கலின் அரைப்புள்ளியும் அப்படித்தான். இரண்டு வேலைகளைப் பிரிக்க வருவது. ஒரு வேலையை முடித்து வைக்க வருவது இல்லை. பிள்ளைகள் தலையாட்டுவார்கள். அடுத்த கிழமை அதே பிழை வரும். நானும் 1996இல் இதே பிழையைத்தான் விட்டேன். உலகம் முழுவதும் பாஸ்கல் படித்த எல்லோரும் விட்ட பிழை இது. அந்த மொழியை உருவாக்கிய மனிதருக்கும் இது தெரிந்திருந்தது. அதை அவர் எப்படித் திருத்தினார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பாஸ்கலை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் 2024ஆம் ஆண்டு புதுவருடத்தன்று, ஜனவரி 1ஆம் திகதி, 89 வயதில் இறந்துபோனார். நாலைந்து நாள் கழித்து, வேலை முடிந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதியால் வந்துகொண்டிருந்தபோது போனில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். பம்பலப்பிட்டியில் இறங்கி மிச்சத் தூரத்தை நடந்தே வந்தேன். ஒருநாளும் பார்த்திராத, ஒரு வரி கடிதம்கூட எழுதியிராத ஒரு மனிதருக்காக அவ்வளவு தூரம் நடக்கத் தோன்றியது. அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன்.

எனக்கு 16 வயதாக இருக்கும்போது நாங்கள் கொழும்புக்கு வந்தோம். 1995 இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டுக் கிளம்பி, தென்மராட்சி, வன்னி, வவுனியா என்று சுற்றி 1996இல் வந்து சேர்ந்தோம். யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காக மின்சாரம் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் படித்த எனக்கு, கொழும்பில் சுவிச்சைப் போட்டால் லைட் எரிவதே பெரிய விஷயம். அந்த வருடம் பார்த்து மழை பொய்த்தது. மலையகத்து நீர்த்தேக்கங்கள் வற்றி, கொழும்பிலும் மணிக்கணக்கில் மின்வெட்டு. அம்மா சொன்னா, "கரண்ட் எங்கட பின்னால வரமாட்டன் எண்டுது."

அந்த நேரத்தில்தான் காலி வீதியில் ஒரு கடைக்கு மேல்மாடியில் நடந்த கம்பியூட்டர் வகுப்பில் அப்பா என்னைச் சேர்த்துவிட்டார். மூன்று கணினிகள், பன்னிரண்டு பேர். மாஸ்டர் பகலில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்துவிட்டுப் பின்னேரம் வருவார். வகுப்பு நேரத்துக்கும் மின்வெட்டு நேரத்துக்கும் ஏதோ ஒப்பந்தம் போல. நாங்கள் கதிரையில் உட்கார்ந்து கொப்பியைத் திறந்தவுடன் கரண்ட் போகும்.

முதல் நாள் மாஸ்டர் பழைய கலண்டர் தாளைத் திருப்பி, அதன் வெள்ளைப் பக்கத்தில் 35 சொற்களை எழுதிச் சுவரில் ஒட்டினார். "பிகின்", "எண்ட்", "இஃப்", "தென்", "எல்ஸ்", "வைல்", "ரிப்பீட்", "அன்டில்"... அவ்வளவும் இங்கிலிஷ். எங்களில் பாதிப் பேருக்கு இங்கிலிஷ் என்றால் நடுக்கம். அவர் சொன்னார்: "இவ்வளவும்தான். இந்த 35 சொல்லும் தெரிஞ்சால் இந்த மொழி முழுக்கத் தெரிஞ்ச மாதிரி. டர்போ பாஸ்கலில இன்னும் கொஞ்சம் இருக்கு, அது அதை வித்த கொம்பனி சேர்த்தது. விர்த் குடுத்தது 35."

அன்றுதான் விர்த் என்ற பெயரை முதலில் கேட்டேன். அந்தத் தாள் எனக்குள் என்ன செய்தது என்பதை இன்றைக்கும் சொல்லில் கொண்டுவர முடியவில்லை. வீடு, ஊர், பள்ளிக்கூடம் எல்லாம் பாதியில் விட்டுவந்த நேரம் அது. பாடப்புத்தகங்கள்கூடப் பாதிதான் கையில் இருந்தன. அப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்கு, முழுதாகப் படித்து முடிக்கக்கூடிய ஒன்று இருக்கிறது என்று ஒருவர் சுவரில் ஒட்டிக் காட்டுகிறார். இரண்டு கிழமையில் 35 சொற்களும் பாடம். ஒவ்வொன்றும் எங்கே வரும், எதற்குப் பின்னால் வரும், எதற்கு முன்னால் வராது எல்லாம் தெரியும். மூலையில் மறைந்திருந்து என்னைத் திகைக்க வைக்க எதுவும் மிச்சம் இல்லை.

மின்வெட்டுக்கு மாஸ்டரிடம் ஒரு மருந்து இருந்தது. மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துவிட்டு, "கம்பியூட்டர் வேண்டாம், கொப்பியை எடுங்கோ" என்பார். முதலில் செய்யவேண்டிய வேலையைத் தமிழில் இரண்டு மூன்று வரியில் எழுத வேண்டும். உதாரணமாக:

நாற்பது பேரின் புள்ளிகளை வாங்கு.
அவற்றில் கூடிய புள்ளியைக் கண்டுபிடி.
அதை எழுதிக் காட்டு.

பிறகு, "இதில எந்த வரி இன்னும் கஷ்டமாய் இருக்கு?" என்று கேட்பார். நடு வரி. அதை மட்டும் உடைக்க வேண்டும். முதல் ஆளின் புள்ளிதான் கூடியது என்று வைத்துக்கொள். மற்ற ஒவ்வொருவரின் புள்ளியையும் பார். அது இதைவிடக் கூடவாக இருந்தால், இனி அதையே கூடியதாக வைத்துக்கொள். மறுபடியும் கேட்பார், "இப்ப எந்த வரி கஷ்டம்?" இப்படி உடைத்து உடைத்துப் போனால், ஓர் இடத்தில் தமிழ் வரி தானாகவே பாஸ்கல் வரியாகிவிடும். "ஒவ்வொருவரையும் பார்" என்பது "ஃபோர்" ஆகும். "கூடவாக இருந்தால்" என்பது "இஃப்" ஆகும். கரண்ட் வந்ததும் ஓடிப்போய்த் தட்டுவோம். பெரும்பாலும் முதல் தடவையிலேயே ஓடும். ஓடாவிட்டால் அது அந்த அரைப்புள்ளியாகத்தான் இருக்கும்.

இதே முறையில் அவர் எங்களுக்குக் காட்டிய பெரிய கணக்கு எட்டு ராணிகள். சதுரங்கப் பலகையில் எட்டு ராணிகளை ஒன்றையொன்று வெட்டாதபடி வைக்க வேண்டும். ஒரே நிரையில் இரண்டு வரக்கூடாது, ஒரே நிரலில் வரக்கூடாது, மூலைவிட்டத்திலும் வரக்கூடாது. பிஸ்கட் பெட்டி அட்டையில் 64 கட்டம் கீறி, கீழ்க் கடையில் பொறுக்கிய சோடா மூடிகளை ராணிகளாக வைத்தோம். ஒரு நிரலில் பாதுகாப்பான கட்டம் கிடைத்தால் மூடியை வைத்துவிட்டு அடுத்த நிரலுக்குப் போ. கிடைக்காவிட்டால் முந்தின நிரலுக்குத் திரும்பி வந்து, அங்கே வைத்த மூடியை நகர்த்து. ஆறாவது மூடி வரைக்கும் வந்து, பின்னால் போய், மறுபடி வந்து, கை அலுத்துப்போகும். இதற்கு மொத்தம் 92 விடைகள் இருக்கின்றன என்று மாஸ்டர் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. கரண்ட் வந்த பிறகு புரோகிராம் எண்ணிக் காட்டியது: 92.

மாஸ்டர் அந்த முறையைத் தானே யோசித்துக் கண்டுபிடித்தார் என்றுதான் நெடுநாளாக நினைத்திருந்தேன். பல வருடம் கழித்து, மருதானைப் பக்கம் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் வரிசையாக இருக்கிற பழைய புத்தகக் கடைகளில் ஒன்றில் "அல்கொரிதம்ஸ் + டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் = புரோகிராம்ஸ்" என்ற புத்தகத்தைக் கண்டேன். விர்த் 1976இல் எழுதியது. முதுகு பிய்ந்து, பக்கங்கள் மஞ்சளாகி இருந்தது. கடைக்கு முன்னால் நின்றபடியே புரட்டினேன். உள்ளே எட்டு ராணிகள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனபோது, 1971 ஏப்ரலில் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரையில் போய் நின்றேன். புரோகிராமைப் படிப்படியாக நுணுக்கிச் செல்வது எப்படி என்பதுதான் அந்தக் கட்டுரையின் பொருள். அதற்கு அவர் எடுத்த உதாரணமும் எட்டு ராணிகளே. முதலில் மனித மொழியில் பெரிய வரிகள், பிறகு ஒவ்வொன்றாக உடைத்தல். சூரிச்சில் எழுதப்பட்ட ஒரு கட்டுரை 25 வருடம் கழித்து வெள்ளவத்தையில் மெழுகுதிரி வெளிச்சத்தில் சோடா மூடிகளாக மேசைக்கு வந்திருக்கிறது.

ஆராய்ச்சியின் மரபு என்று பேசும்போது பலர் விருதையும், எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பதையும் சொல்வார்கள். விர்த்துக்கு 1984இல் கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது கிடைத்தது. நல்லது. எனக்கோ முதலில் நினைவுக்கு வருவது அந்த முறைதான். இங்கிலிஷ் தெரியாத பிள்ளை தமிழில் யோசிக்கத் தொடங்கி, யோசனை முறியாமலே கணினி வரை போய்ச் சேரலாம் என்று அது காட்டியது. அவர் தமிழை நினைத்து அதை எழுதியிருக்க மாட்டார். ஆனால் மேல்படி எந்த மொழியிலும் இருக்கலாம் என்ற இடம் அதில் இருந்தது. அந்த இடத்தில்தான் நாங்கள் வந்து உட்கார்ந்தோம்.

அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1934 பெப்ரவரி 15இல் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் பிறந்தவர். தகப்பன் ஆசிரியர். சிறுவயதில் மாதிரி விமானங்கள் செய்து பறக்கவிட்ட பழக்கம்தான் மின்னணுவியலுக்குக் கொண்டுபோனது. சூரிச்சின் ஈ.ரி.எச். பல்கலைக்கழகத்தில் பட்டம், கனடாவில் முதுகலை, அமெரிக்காவின் பேர்க்லியில் 1963இல் கலாநிதிப் பட்டம். ஸ்டான்ஃபோர்டில் சில வருடம் படிப்பித்துவிட்டுச் சுவிஸுக்கே திரும்பினார். 1968இலிருந்து 1999இல் ஓய்வு பெறும் வரை ஈ.ரி.எச்.தான்.

பாஸ்கல் பிறந்த கதையில் ஒரு மனத்தாங்கல் உண்டு. அறுபதுகளில் அல்கோல் 60 என்ற மொழிக்கு அடுத்ததாக என்ன வரவேண்டும் என்று ஒரு சர்வதேசக் குழு யோசித்துக்கொண்டிருந்தது. விர்த்தும் டோனி ஹோர் என்ற பிரிட்டிஷ் கணினி அறிஞரும் சேர்ந்து அடக்கமான ஒரு திட்டத்தை முன்வைத்தார்கள். குழு அதை ஏற்காமல் மிகப் பெரிய, மிகச் சிக்கலான ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. அதுதான் அல்கோல் 68 ஆனது. நிராகரிக்கப்பட்ட திட்டம் அல்கோல் டபிள்யூ என்ற பெயரில் ஸ்டான்ஃபோர்டில் ஓடியது. விர்த் குழுவை விட்டு விலகி, 1970இல் பாஸ்கலைத் தந்தார். சண்டை பிடித்து, அறிக்கை விட்டு நேரத்தைக் கழிக்காமல், தான் சரி என்று நம்பியதைச் செய்து காட்டினார்.

பாஸ்கலுக்கான முதல் கம்பைலரை ஃபோர்ட்ரான் என்ற பழைய மொழியில் எழுதப் பார்த்தார்கள். சரிவரவில்லை. ஆகவே கம்பைலரைப் பாஸ்கலிலேயே எழுதுவது என்று முடிவெடுத்தார்கள். இதில் உள்ள சிக்கலைப் பாருங்கள்: பாஸ்கலை விளங்கிக்கொள்ளும் கணினி இன்னும் இல்லை, பாஸ்கலில் எழுதிய கம்பைலர் மட்டும் கடதாசியில் இருக்கிறது. ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்க வழியில்லாமல் முழுதையும் எழுதி முடித்தார்கள். பிறகு விர்த்தின் குழுவில் இருந்த ஷில்ட் என்பவர் இரண்டு கிழமை வீட்டில் அடைந்து கிடந்து, அந்தக் கம்பைலரைக் கணினிக்குத் தெரிந்த ஒரு கீழ்நிலை மொழிக்குக் கையாலேயே மாற்றினார். இதை முதல் தடவை வாசித்தபோது எனக்கு எங்கள் வகுப்பின் மெழுகுதிரி வாசம் வந்தது. பாஸ்கலே ஒரு விதத்தில் கரண்ட் இல்லாத நேரத்தில் எழுதப்பட்டதுதான். கடதாசியில் சரியாக யோசித்துவிட்டால் இயந்திரத்தில் ஓடும் என்ற நம்பிக்கை அந்த மொழியின் பிறப்பிலேயே இருக்கிறது.

அது கொழும்பு வரைக்கும் வந்த வழியும் ஒரு நல்ல யோசனையால் அமைந்தது. எல்லா நிறுவனத்திடமும் வேறு வேறு கணினி இருந்த காலம் அது. ஒவ்வொன்றுக்கும் கம்பைலரைத் திருப்பி எழுதச் சொல்வது கஷ்டம். எனவே விர்த்தின் குழு, கற்பனையான ஓர் எளிய இயந்திரத்துக்கான கட்டளைகளாகப் பாஸ்கலை மாற்றும் கம்பைலரைத் தயாரித்து விநியோகித்தது. அந்தக் கட்டளைகளுக்குப் பி-கோட் என்று பெயர். வாங்குகிறவர் அந்தக் கற்பனை இயந்திரத்தைத் தன்னுடைய கணினியில் நடித்துக் காட்டும் சிறிய புரோகிராம் ஒன்றை எழுதினால் போதும். கலிபோர்னியாவின் சான் டியேகோவில் கென்னத் போல்ஸ் இதை எடுத்துச் சின்னக் கணினிகளுக்குக் கொண்டுபோனார். 1983இல் போர்லாண்ட் நிறுவனம் ஆண்டர்ஸ் ஹெல்ஸ்பெர்க் எழுதிய டர்போ பாஸ்கலை 49.95 டொலருக்கு விற்றது. அது நேராக இயந்திரக் கட்டளையையே தந்தது. அதன் மூன்றாம் பதிப்பு, எடிட்டரும் கம்பைலரும் சேர்ந்தே, 40 கிலோபைட்டுக்கும் குறைவு. இன்றைக்கு என் போனில் எடுக்கிற ஒரு படத்துக்கு அது போதாது. எங்கள் வகுப்பில் இருந்தது அதற்குப் பிந்திய பதிப்பு, நீலத் திரையில் மஞ்சள் எழுத்து.

சரி, அரைப்புள்ளிக்கு வருகிறேன்.

"எல்ஸ்" பிரச்சினை அரைப்புள்ளியோடு முடிவதில்லை. ஒரு "இஃப்"புக்குள் இன்னொரு "இஃப்" இருந்தால், கடைசியில் வரும் "எல்ஸ்" எதற்குச் சொந்தம்? வாசிக்கிறவர் குழம்புவார். விர்த் எழுபதுகளின் கடைசியில் மொடியூலா-2 என்ற அடுத்த மொழியை வடிவமைத்தபோது, ஒவ்வொரு "இஃப்"பையும் ஓர் "எண்ட்" கொண்டு மூடியே ஆக வேண்டும் என்று வைத்தார். குழப்பம் போயிற்று. "எல்ஸ்"சுக்கு முன்னால் அரைப்புள்ளி விழுந்தாலும் அந்த மொழியில் அது குற்றமே இல்லை. பிள்ளைகள் விடுகிற பிழைக்குப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்லாமல், மொழியின் மேலும் குறை உண்டு என்று எடுத்துக்கொண்ட ஒரு வாத்தியார் இவர். பாஸ்கல் உலகமெங்கும் பரவிப் புகழின் உச்சத்தில் இருக்கும்போது, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இராமல் அடுத்ததுக்குப் போனார். எனக்கு அவரில் மிகப் பிடித்த குணம் இதுதான்.

அடுத்ததுக்குப் போகும்போது அவர் பெரும்பாலும் எதையாவது கழற்றினார். புரோகிராமில் நினைத்த இடத்துக்குத் தாவச் சொல்லும் "கோட்டூ" மொடியூலா-2இல் போயிற்று. 1987இல் வந்த ஓபரான் என்ற மொழியில் இன்னும் பலது போயின. முதலில் "ஃபோர்" கூட அதில் இல்லை. பிறகு அது திரும்பி வந்தது. ஓபரான் மொழியின் முழு இலக்கணமும் இருபது பக்கத்துக்குள் அடங்கும். மொழிக்கு மொழி வசதிகளைக் கூட்டுவதுதான் முன்னேற்றம் என்று மற்றவர்கள் போனபோது, எதை எடுத்தால் மிச்சம் இன்னும் உறுதியாக நிற்கும் என்று இவர் தேடிக்கொண்டிருந்தார்.

இயந்திரத்திலும் அப்படித்தான். 1976இல் ஒரு வருட விடுமுறையில் கலிபோர்னியாவில் ஸெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுகூடத்துக்குப் போனார். அங்கே ஆல்ட்டோ என்ற கணினி. தனி ஒருவருக்கான பெரிய திரை, கையில் மவுஸ். அப்படி ஒன்று தனக்கும் வேண்டும் என்று ஆசை. விலைக்கு வாங்க முடியாது. சூரிச்சுக்குத் திரும்பி வந்து, தன்னுடைய ஆட்களோடு சேர்ந்து தானே ஒன்றைச் செய்தார். அதற்கு லிலித் என்று பெயர். இயங்குதளத்திலிருந்து எடிட்டர் வரை எல்லாமே மொடியூலா-2. வியாபாரமாக அது வெல்லவில்லை. ஆனால் முழுக் கணினியையும் அடியிலிருந்து நுனி வரை பார்த்த ஒரு தலைமுறை மாணவர்கள் அதிலிருந்து வெளியே வந்தார்கள். பிறகு யூர்க் குட்க்நெக்ட் என்பவரோடு சேர்ந்து, ஓபரான் என்றே பெயரிட்ட ஓர் இயங்குதளம். கடைசியில், எண்பதை நெருங்கும் வயதில், பழைய செயலி (புரொசெசர்) சந்தையில் இல்லை என்றானதும், தானே ஒரு சிறிய செயலியை வடிவமைத்து, 2013இல் முழு ஓபரானையும் அதன்மேல் திரும்பவும் ஏற்றினார். செயலி, கம்பைலர், இயங்குதளம் எல்லாமே ஒரே மனிதரின் தலைக்குள் அடங்கும் அளவு.

அவரிடம் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. கம்பைலர் அதே மொழியில் எழுதப்பட்டது, ஆகவே தன்னைத் தானே கம்பைல் செய்யும். புதிதாக ஏதாவது நுட்பத்தைச் சேர்த்தால் கம்பைலர் பெரிதாகும். ஆனால் அது தரும் கோட் வேகமாகும். கூட்டிக் கழித்துப் பார்க்கும்போது கம்பைலர் தன்னைத் தானே கம்பைல் செய்யும் நேரம் குறைந்தால் மட்டுமே அந்த நுட்பத்துக்கு உள்ளே இடம். தன் செலவைத் தானே சம்பாதிக்காத எதுவும் வெளியே.

இந்த விதியின் அருமை எனக்கு வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. முன்பு நான் வேலை செய்த ஒரு கொம்பனியில் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் செய்தோம். கொழும்புக்கு வெளியே ஒரு கடைக்குப் போனபோது, காசாளராக இருந்த அக்கா சொன்னா, "தங்கச்சி, இதைத் திறந்துபோட்டு நான் ஒரு தேத்தண்ணி குடிச்சு முடிக்கலாம்." கொம்பனிக்குள் எல்லோரும் கடையின் பழைய கணினியைக் குறை சொன்னார்கள், புதிதாக வாங்கச் சொன்னார்கள். நான் இரண்டு நாள் இருந்து பார்த்தேன். ஒரு திகதியை எழுதிக் காட்டுவதற்காக ஒரு பெரிய நூலகம், அதாவது வேறு ஆட்கள் எழுதிவைத்த ஆயத்தக் கோட் தொகுப்பு, உள்ளே ஏறியிருந்தது. எப்போதோ யாரோ சேர்த்து, இப்போது ஒருவரும் பயன்படுத்தாத நான்கு ஐந்து வேறு கிடந்தன. அவற்றைக் கழற்றியதும் அந்தப் பழைய கணினியிலேயே திரை உடனே வந்தது. அந்த மாற்றத்தை ஏற்கவைக்க மூன்று கூட்டம் தேவைப்பட்டது. புதிதாக ஒன்றும் சேர்க்காத வேலையை வேலை என்று கணக்கெடுக்க அங்கே இடமிருக்கவில்லை. எனக்கு அது இன்றும் ஆறாத கோபம். அந்தக் கடையின் பணம்தானே புதுக் கணினிக்குப் போயிருக்கும்.

விர்த் 1995இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். மெலிந்த மென்பொருளுக்காக ஒரு வேண்டுகோள் அது. கணினி வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் மந்தமாகிறது என்று அதில் சொன்னார். அந்தக் கருத்து மார்ட்டின் ரைசர் என்ற இன்னொரு கணினி ஆய்வாளரிடமிருந்து வந்தது என்று அவரே குறிப்பிட்டிருந்தும், உலகம் அதை விர்த்தின் விதி என்றே அழைக்கிறது.

அவர் மேல் வைக்கப்பட்ட விமர்சனத்தையும் சொல்ல வேண்டும். 1981இல், சி மொழி பற்றிய புகழ்பெற்ற புத்தகத்தை எழுதிய இருவரில் ஒருவரான பிரையன் கெர்னிகன், பாஸ்கல் ஏன் தனக்குப் பிடிக்கவில்லை என்று விரிவாக எழுதினார். அதில் முக்கியமான ஒன்று: அணியின், அதாவது ஒரே பெயரில் வரிசையாக வைக்கும் பெறுமானங்களின், நீளமும் அதன் வகையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பத்து எண்களை வரிசைப்படுத்த எழுதியதை இருபது எண்களுக்குக் கொடுக்க முடியாது. இதை நானே அனுபவித்திருக்கிறேன், கெர்னிகன் சொன்னது சரி. எளிமை என்று கழற்றும்போது சில வேளை தேவையான எலும்பும் கழன்றுவிடும். ஆனால் விர்த் அந்த இடத்திலேயே நிற்கவில்லை. மொடியூலா-2இல் நீளம் குறிக்காத அணிகளை வாங்கும் வழி இருந்தது.

"மிஸ், உயர்தரத்தில பைத்தன்தானே. பிறகேன் பாஸ்கல்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பைத்தனின் மொடியூல் முறை, அதாவது புரோகிராமைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்துவைக்கும் முறை, மொடியூலா-2இன் வழிவந்த மொடியூலா-3இலிருந்து எடுத்தது என்று சொல்வேன். நான் இப்போது அலுவலகத்தில் எழுதுகிற கோ என்ற மொழியை உருவாக்கிய மூவரில் ஒருவரான ராபர்ட் கிரீஸமர் ஈ.ரி.எச்.இல் கலாநிதிப் பட்டம் பெற்றவர். கோவின் பொதி முறையிலும், ஒரு வகைக்கு மெதட் எழுதும் விதத்திலும் ஓபரான் குடும்பத்தின் சாயல் அப்படியே இருக்கிறது. பெறுமானம் கொடுக்க முக்காற்புள்ளியும் சமன் குறியும் சேர்த்துத் தட்டுகிற ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தக் கலண்டர் தாள் ஞாபகம் வரும். டர்போ பாஸ்கல் எழுதிய ஹெல்ஸ்பெர்க்தான் பிறகு சி ஷார்ப்பையும் டைப்ஸ்கிரிப்டையும் உருவாக்கியவர். இந்தக் குடும்பமரம் பெரியது, இங்கே முழுக்கக் கீற முடியாது.

2024 தைப்பொங்கலன்று விண்டர்தூரில் இருக்கிற சித்தப்பா வாழ்த்துச் சொல்ல எடுத்தார். முப்பது வருடத்துக்கு மேலாக அங்கேதான் இருக்கிறார். "உங்கட ஊர்க்காரர் ஒருத்தர் புதுவருசத்தண்டு செத்துப்போனார் சித்தப்பா" என்றேன். யாரென்று கேட்டார். அரை மணி நேரம் சொன்னேன். அவருக்குக் கணினி பற்றி ஒன்றும் தெரியாது, ஆனாலும் இடையில் வெட்டாமல் கேட்டார். கடைசியில், "நீ அங்க லாம்பு வெளிச்சத்தில படிச்சது இஞ்ச பிறந்த மனிசன்ட பாடமோ?" என்றார். ஓம் என்றேன். இரண்டு நாள் கழித்து, பனி கொட்டிக்கிடந்த விண்டர்தூர் ரயில் நிலையத்தின் படம் ஒன்றை அனுப்பியிருந்தார், ஒரு வார்த்தையும் எழுதாமல்.

2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்தபோது, அன்றைய பிள்ளைகளுக்கு நான் மாஸ்டர் செய்ததையே செய்தேன். மடிகணினிகளில் சார்ஜ் இல்லை. கொப்பியை எடுக்கச் சொன்னேன். தமிழில் மூன்று வரி எழுது, எந்த வரி கஷ்டம் என்று பார், அதை உடை. கடற்கரை ரயில் போகும்போது ஜன்னல் கம்பிகள் அதிரும், மெழுகுதிரி ஆடும். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரு பெண் இப்போது பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறாள். இன்னும் முதலில் தமிழில்தான் எழுதுவதாகப் போன மாதம் சொன்னாள்.

மாஸ்டர் கனடாவுக்குப் போய்விட்டார், தொடர்பு விட்டுப்போனது. கலண்டர் தாளும் எங்கோ போய்விட்டது. போன ஞாயிறு பழைய கலண்டர் ஒன்றைத் திருப்பி, அதே 35 சொற்களை என் கையால் எழுதிச் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒட்டினேன். "எல்ஸ்"சுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஓர் அரைப்புள்ளி போட்டு, அதற்குக் குறுக்கே கோடு கிழித்திருக்கிறேன்.

வருகிற ஞாயிறு எட்டு ராணிகள். பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு சோடா மூடி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மிச்சம் இரண்டு என் பொறுப்பு.